ஓட்டுக்கு முன்னால் மூன்று குழாய்

வேட்பாளர் செருப்பைக் கையில் எடுத்தால் எங்கள் ஊருக்குத் தேர்தல் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம். ஊருக்கு முன்னால் ஓடை. பாலம் கிடையாது. எவராக இருந்தாலும் செருப்பைக் கழற்றி, வேட்டியைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரில் இறங்கித்தான் இக்கரைக்கு வர வேண்டும். இறங்கும்போது ஒரு முகம். ஏறி வந்தபின் வேறு முகம். ஏறி வந்த முகம்தான் போட்டோவில் வரும்.

வந்தவர்கள் முதலில் சொல்வது பாலம். கால் நனைந்த எரிச்சலில் சொல்கிறார்கள். வேட்டி காய்ந்ததும் மறந்துவிடும். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எத்தனை வேட்டி காய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மலை மேல் சில ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. வாழவந்தி நாட்டில் பஸ் ரோட்டிலிருந்து முக்கால் மணி நேரம் கீழே இறங்கினால் எங்கள் ஊர். இருபத்தாறு வீடு. இருபத்தாறு வீட்டில் எத்தனை ஓட்டு இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் வந்தால் ஒரு தரம் வருவார்கள். கூட வரும் ஆட்கள் பலாப்பழம் கேட்பார்கள். பழுத்ததைத் தின்றுவிட்டுக் கொட்டையை வாசலிலேயே துப்பிவிட்டுப் போவார்கள்.

இதற்கு இரண்டு தேர்தல் முன்னால் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். ஊரே சேர்ந்து செய்தது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். கொடியில் இருக்கும் மிளகை வியாபாரிக்குப் பேசினாலும், பெண் கொடுத்தாலும், காட்டைக் குத்தகைக்கு விட்டாலும் பேச்சு முடிந்த பிறகுதான் சோறு. பேச்சு ஒத்துவரவில்லை என்றால் வந்தவர் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதில் யாருக்கும் கோபம் கிடையாது. உட்கார்ந்து சாப்பிட்டார் என்றால் ஒத்துக்கொண்டார். எழுதுவது கிடையாது, சாட்சி கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் பேச்சு மாறிய ஆள் ஒருத்தரைத்தான் என் காலத்தில் பார்த்தேன். அவருக்கு அப்புறம் இந்த நாட்டில் எந்த வீட்டிலும் இலை போடவில்லை. குடும்பத்தோடு கீழே இறங்கிப் போய்விட்டார்.

அந்தத் தேர்தலில் வந்த வேட்பாளர் ரோடு போட்டு, பாலம் கட்டித் தருவேன் என்றார். கோயில் முன்னால் வைத்துச் சொன்னார். பிறகு எங்கள் வீட்டில் உட்கார்ந்தார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் நான்தான் போட்டேன். நன்றாகவே சாப்பிட்டார். இரண்டாவது தரம் குழம்பு கேட்டு வாங்கினார்.

முடிந்தது என்று நினைத்தோம். அவர் சாப்பிட்டுவிட்டார். இனி ரோடு வரும்.

அவரோடு அடிவாரத்திலிருந்து ஒரு கட்சிக்காரர் வந்திருந்தார். ரோடு வேலை, சாக்கடை வேலை எடுத்துச் செய்கிறவர். தங்கப் பல் ஒன்று உண்டு. அவர் போகும்போது சொன்னார்: "எடத்த மட்டும் உட்டு வெச்சிருங்க. எடம் இல்லீன்னா ரோடு வேற ஊருக்குப் போயிரும்."

ஓடையிலிருந்து பஸ் ரோட்டுக்கு ஏறும் வழி எங்கள் காடுகளின் நடுவே போகிறது. ஓரமெல்லாம் சில்வர் ஓக் மரம். மரத்துக்கு மரம் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மிளகுதான் எங்களுக்குக் காசைக் கண்ணில் காட்டுவது. குச்சிக்கிழங்கு வயிற்றுக்கு. ஊர் கூடிப் பேசியது. வழிக்கு இரண்டு பக்கமும் அவரவர் மரத்தை அவரவர் வெட்டினார்கள். எங்களுடையது பதினொன்று. காய்த்துக்கொண்டிருந்த கொடிகள். வீட்டுக்காரர் வெட்டினார். நான் கொடியை இழுத்துப் போட்டேன். கொடியில் பச்சை மிளகு இருந்தது. அதைக் கூடப் பறிக்கவில்லை. ரோடு வருகிறது என்ற அவசரம்.

ரோடு வரவில்லை. அவர் ஜெயித்தார். வழியில் புல் வந்தது. ஆடு மேய நல்லதாகப் போயிற்று.

ஒரு வருஷம் பொறுத்து ஆறு பேர் அடிவாரத்துக் கட்சி ஆபீசுக்குப் போனார்கள். வீட்டுக்காரரும் போனார். திரும்பி வந்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் சொன்னார். அங்கே இருந்தவர்களிடம், "எங்க ஊட்டுல சாப்பிட்டுட்டுப் போனாருங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். தங்கப் பல்காரர் சிரித்திருக்கிறார்.

"சாப்புட்டதுக்கு எழுதி வாங்குனீங்களா? அன்னைக்கு மட்டும் நாலு ஊர்ல சாப்புட்டோமுங்க. எல்லா ஊருக்கும் ரோடு போட்டா மலையே இருக்காதில்ல."

நாற்காலியில் இருந்த எல்லாரும் சிரித்தார்களாம். எங்கள் ஆட்களில் ஒருவர் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தேன் என்று அப்புறம் சொன்னார்.

எனக்கு அந்த வேட்பாளர் மேல் கோபம் இல்லை. அவர் பொழப்பு அது. எங்கள் மேல்தான் கோபம். சோறு போட்டால் சொல் நிற்கும் என்பது நம் ஆட்களுக்குள் உள்ள கணக்கு. அதை ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தவனுக்கும் போட்டுப் பார்த்தோம். குரங்குக்குக் காது குத்தப் போன கதை.

அதற்கடுத்த தேர்தலில் எவர் வந்தாலும் ஊரில் தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள். அவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

இது நடந்து பல வருஷம். போன வருஷம் வீட்டுக்காரருக்குக் காலில் முள் ஏறியது. சர்க்கரை உண்டு என்று எங்களுக்குத் தெரியாது. புண் பெரிதாகி, நாமக்கல் கொண்டுபோய், கட்டை விரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். எடுத்த இடம் ஆறவில்லை. மூன்று நாளைக்கு ஒரு தரம் பஸ் ரோட்டு ஊரில் உள்ள ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். அங்கே கட்டு மாற்றும் நர்ஸ் முதல் நாளே என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "தண்ணி படவே கூடாதுங்க. பட்டா கால் மேல மேல எடுக்க வேண்டி வரும்."

எங்கள் வழியில் ஓடை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லி என்ன.

வெயில் காலத்தில் ஓடையில் கணுக்கால் தண்ணீர். கொழுந்தனார் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு கல் கல்லாகத் தாண்டுவார். அக்கரையில் கொழுந்தனாருடைய பைக் நிற்கும். அதில் ஏற்றிக்கொண்டு மேலே போய்விடலாம். நான் பின்னால் நடப்பேன். ஆனி பிறந்தால் தொடை மட்டம் ஓடும். வேகமாக ஓடும். ஆளைத் தூக்கிக்கொண்டு அதில் இறங்க முடியாது. முன்பு ஒரு மரம் வெட்டிப் போட்டிருந்தோம். நடக்கிறவர்கள் அதன் மேல் போவார்கள். அதையும் போன ஐப்பசியில் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அது இருந்திருந்தாலும் ஒற்றை மரத்தில் இந்தக் காலோடு நடக்க முடியாது.

மழை வருவதற்கு முன் ஓடையைத் தாண்ட ஒரு வழி வேண்டும். இல்லாவிட்டால் கால் போகும். இவ்வளவுதான்.

கொழுந்தனார் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர். ஓடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அண்ணி, இதுக்குப் பாலமெல்லாம் வேண்டாம். பெரிய சிமெண்ட் குழாய் மூணு. பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சு, சந்துல கல்லடிச்சு, மேல மண்ணப் போட்டா முடிஞ்சுது. தண்ணி குழாய்க்குள்ள போயிரும். மனுசன் மேல போலாம்."

"மூணு குழாய்க்கு எங்க போறது?"

"எல்லாத்துக்கும் எங்க போறோம்? தேர்தல் வருதில்ல" என்று சிரித்தார். கிண்டலாகத்தான் சொன்னார்.

எனக்கு அது மனசில் நின்றது. ஏனென்றால் அந்தக் குழாயை எனக்குத் தெரியும். பஸ் ரோட்டில் எங்கள் வழி வந்து சேரும் இடத்தில் நாலு சிமெண்ட் குழாய் இரண்டு வருஷமாகக் கிடந்தது. ஒன்று உடைந்தது. மூன்று நல்லது. தங்கப் பல்காரர் வேறு எங்கோ செய்த வேலையில் மிச்சம். கீழே இறக்க லாரிக்கூலி ஆகும் என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். பஸ் வரும்வரை நாங்கள் அதன் மேல்தான் உட்காருவோம். உள்ளே நாய் குட்டி போட்டிருந்தது.

மாசி முடிந்ததும் கட்சிகள் வர ஆரம்பித்தன.

முதலில் வந்த கட்சி ரோப் கார் விடுவோம் என்றது. எழுபது வளைவு ரோட்டில் வந்து வாந்தி எடுத்தவர் போல ஒருவர், முகம் வெளுத்துப்போய், அதைச் சொன்னார். நான் முன்னால் போய், "மூணு சிமெண்ட் குழாய் வேணுமுங்க. ஓடைக்கு" என்றேன்.

"மூணு குழாயா? அம்மா, உங்களுக்கு மேம்பாலமே கட்டித் தாரோம்."

"மேம்பாலம் வேண்டாங்க. குழாய் போதும்."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கை தட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. மேம்பாலத்துக்கு என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கட்சி நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தது. கோரிக்கை எழுதிக்கொள்கிறோம் என்று ஒரு பையன்கள் கூட்டம். நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டுவேன். எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பேருக்கு நேரே "பாலம்" என்று எழுதினார்கள். அதற்கு மேலே எந்தெந்த ஊரோ. எல்லாவற்றுக்கும் நேரே பாலம், பாலம், பாலம். ஓரிடத்தில் மட்டும் "சுடுகாடு" என்று இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் யோசித்துக் கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் போனபின் சொன்னார்: "பெருசாக் கேட்டா சுளுவாக் குடுத்துருவாங்க புள்ள. பேச்சுத்தான. சின்னதாக் கேட்டாத்தான் முழிப்பாங்க. குழாய் வந்துதா வல்லியான்னு எவனும் எண்ணிப் போடுவானே."

அது சரி. ரோப் கார் வரவில்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது. வரும் என்று யார் இருந்தார்கள். மூன்று குழாய் அப்படி இல்லை. இன்றைக்கு இருக்கும், இல்லை இருக்காது.

மூன்றாவதாகத் தங்கப் பல்காரர் வந்தார். அந்தப் பழைய வேட்பாளருடைய கட்சி. இப்போது வேட்பாளர் வேறு ஆள். தங்கப் பல்காரர் மட்டும் அதே ஆள். வேட்பாளர் வருவதற்கு நாலு நாள் முன்னால், கேமராக்காரர் ஒருவரோடு இடம் பார்க்க வந்திருந்தார். கேமராக்காரர் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பழைய ஓட்டு வீடு, பின்னால் பலா மரம், அதற்குப் பின்னால் மலை. அவருக்குப் பிடித்துவிட்டது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு என் வீட்டுக்காரர். அது இன்னும் பிடித்துவிட்டது.

"சார், வேட்பாளரு இவர் பக்கத்துல உக்காந்து சாப்புடற மாதிரி எடுத்தா நல்லா வரும். கைய அந்தக் கால் மேல வெக்கலாம்" என்றார்.

"எங் காலு மேலயா?" என்றார் வீட்டுக்காரர்.

தங்கப் பல்காரர் என்னிடம் வந்தார். "ஏனுங்கக்கா, போன தரம் போட்டீங்களே, அந்தச் சாமைச் சோறு. பழைய தலைவரு இன்னும் சொல்லுவாருங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் புது வேட்பாளருக்கும் ஒரு வாய் போட்டுருங்க."

"குழாய் வரட்டுங்க. அப்புறம் சோறு வேகட்டும்."

"எந்தக் குழாய்?"

"ரோட்டு மேல கெடக்குதில்லீங்களா. உங்க குழாய். நல்லதா மூணு."

அவர் முகம் மாறியது. தெரியாதது போல இருக்கலாமா என்று யோசித்தார். பின்னால் கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார். இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

"அக்கா, தேர்தல் விதி இருக்குதுங்க. இப்ப எந்த வேலையும் செய்யக் கூடாது. கேஸ் போட்டுருவாங்க. ஜெயிச்சு வரட்டும். குழாய் என்ன, ஸ்லாப் பாலமே—"

"செய்யக் கூடாதுன்னா, செய்யறேன்னு சொல்லலாமுங்களா?"

"அது பிரச்சாரமுங்க. அதுக்குத் தடையில்ல."

கொழுந்தனார் வாயைத் திறந்தார். "அண்ணி, நல்லாத் தெரிஞ்சுக்குங்க. பொய் சொல்லலாம். வேலை செஞ்சாத்தான் கேஸ்."

எல்லாரும் சிரித்தோம். தங்கப் பல்காரரும் சிரித்தார். இந்த முறை என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தவர் அவர்.

அவர் போகப் பார்த்தார். நான் சொன்னேன்: "நீங்க தரோணும்னு இல்லீங்க. எங்க ஆளுங்களே உருட்டிக்குவாங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஓடையில இருந்தா, இந்த வாசல்ல இலை போடுவேன். இல்லீன்னா போட்டோ எடுக்க வேற கால் பாத்துக்குங்க. ரோப் கார்க் கட்சிக்காரங்களும் இந்த வாசல் கேட்டுட்டுப் போயிருக்கறாங்க."

கடைசியில் சொன்னது பொய். யாரும் கேட்கவில்லை. அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

கேமராக்காரர் தங்கப் பல்காரர் காதில் ஏதோ சொன்னார். அவர் ஓடையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் குழாய நான் ரெண்டு வருசமாப் பாக்கலீங்க. இன்னும் நாலு நாளைக்கும் பாக்க மாட்டேன். யாரு எடுத்தாலும் எனக்குத் தெரியாது."

இவ்வளவு வருஷத்தில் ஒரு கட்சியிடமிருந்து எங்கள் ஊருக்குக் கிடைத்தது அதுதான். பார்க்காமல் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஆண்கள் எல்லாம் மேலே போனார்கள். வெட்டின வழி அகலமாக இருந்ததால் உருட்ட முடிந்தது. முன்னால் இரண்டு பேர் கல் பொறுக்கி ஒதுக்கினார்கள். பின்னால் எட்டுப் பேர் கயிறு பிடித்து இழுத்து நிறுத்தி நிறுத்தி விட்டார்கள். முதல் குழாய் மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. இரண்டாவதும் பொழுது சாய வந்தது. மூன்றாவதை மறுநாள் காலையில் உருட்டினார்கள். எங்கள் காட்டுக்கு மேலே உள்ள சரிவில் கயிறு அறுந்தது. குழாய் தானாக ஓடியது. ஆட்கள் இரண்டு பக்கமும் குதித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழாய் பாறையில் மோதி மூன்று துண்டாகப் போயிற்று.

வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்து ஓடைக்கரைப் பாறையில் உட்கார வைத்திருந்தோம். சத்தம் கேட்டது. விஷயம் தெரிந்தது. அவர் சொன்னார்: "ரெண்டு காலு இருந்துது. ஒன்னரை ஆச்சு. மூணு குழாய் இருந்துது. ரெண்டாச்சு. பொருத்தந்தான்."

"வாய மூடுங்க" என்றேன்.

இரண்டு குழாய் போதுமா என்று கொழுந்தனாரைக் கேட்டேன். அவர் ஓடையின் அகலத்தைக் கோலால் அளந்தார். "பெரிய மழையில மேலயும் தண்ணி ஏறும் அண்ணி. எவ்வளவு ஏறும்னு மழை வந்தாத்தான் தெரியும்" என்றார்.

உடைந்த துண்டுகளையும் கொண்டுவந்து சந்தில் அடித்தார்கள். பெண்கள் எல்லாரும் கல் சுமந்தோம். சனிக்கிழமை மாலைக்குள் மேலே மண் போட்டு மிதித்தாயிற்று. நாலு அடி அகலம். பக்கத்து வீட்டுக்காரி அதன் மேல் நடந்து பார்த்து, "பொண்ணழைக்கப் போற மாதிரி இருக்குது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேட்பாளர் வந்தார். இருபது முப்பது பேர் வந்தார்கள். செருப்பைக் கழற்றவில்லை. குழாய்க்கு மேலே காய்ந்த காலோடு நடந்து வந்தார். நடுவில் நின்றார். கேமராவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்துக் கை கூப்பினார். நின்ற இடத்திலேயே பேச ஆரம்பித்தார்.

"ஓடையத் தாண்ட வழியில்லாம நீங்க படற கஷ்டம் எனக்குத் தெரியும். நான் ஜெயிச்சு வந்தா மொத வேலை, இந்த எடத்துல ஒரு பாலம்."

எங்கள் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கொழுந்தனார் மட்டும், "அப்ப இப்ப என்னத்து மேலங்க நிக்கறீங்க?" என்றார். வேட்பாளருக்குக் காது கேட்கவில்லை. தங்கப் பல்காரருக்குக் கேட்டது. அவர் வேகமாகக் கை தட்டினார்.

நான் சொன்ன சொல்லுக்கு இலை போட்டேன். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கீரை. குறை வைக்கவில்லை. வேட்பாளர் பாட்டில் தண்ணீரில் கை கழுவினார். கேமராக்காரர் சரி சொல்லும்வரை ஒரு உருண்டையைக் கையில் வைத்திருந்தார். வாயில் போட்டார். இன்னொன்று போட்டார். மூன்றாவது இல்லை. வயிறு சரியில்லை என்றார். மேலே ரோட்டில் நிற்கும் காரில் பிரியாணிப் பொட்டலம் இருக்கிறது என்று அவருடைய டிரைவர் முன்னமே எங்கள் பையன்களிடம் சொல்லியிருந்தான்.

பிறகு காலுக்கு வந்தார்கள். வேட்பாளர் கையை நீட்டினார். வீட்டுக்காரர் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, ஒரு நிமிசம்" என்றார் தங்கப் பல்காரர்.

"சோறு பேசுனீங்க. காலு பேசலீங்களே" என்றார் இவர்.

கேமராக்காரர் கையை எடுத்துத் தோளில் வைக்கச் சொன்னார். தோளில் வைத்தார். போட்டோ எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

வாசலில் தங்கப் பல்காரர் என்னைத் தனியாக நிறுத்தினார். "அக்கா, உங்க வழக்கம் எனக்குத் தெரியும். சோறு போட்டுட்டீங்க. இனி ஓட்டு மாறக் கூடாது. ஊருக்குச் சொல்லிருங்க."

"சாப்புட்டவருதாங்க கட்டுப்பட்டவரு. போட்டவ இல்ல."

வழக்கம் அதுதான் என்று அவருக்கும் தெரியும். தங்கப் பல் தெரியச் சிரித்துவிட்டுப் போனார். நான் இலையை எடுத்தேன். வைத்த சோறு அப்படியே இருந்தது. ஆட்டுக்குப் போட்டேன்.

ஓட்டுப் போடும் சாவடி மேலே பள்ளிக்கூடத்தில். வீட்டுக்காரர் வருவேன் என்றார். எதற்கு என்றேன். "குழாய் மேல போய்ப் பாக்கோணும்" என்றார். கொழுந்தனார் தூக்க வந்தார். வேண்டாம் என்று கோலை ஊன்றிக்கொண்டு, அவர் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நடந்தார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. நான் யாருக்குப் போட்டேன் என்று அவரும் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்கிறார்கள். குழாய்க்கா போட்டாய் என்கிறார்கள். குழாய் கிடந்தது, எடுத்துக்கொண்டோம். அதற்கு யாருக்கும் கடன் இல்லை.

யாரோ ஜெயித்தார்கள். நன்றி சொல்லி பஸ் ரோட்டில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஊருக்குள் வந்து சொல்லவில்லை.

ஆனியில் மழை பிடித்தது. முதல் நாலு நாள் தண்ணீர் குழாய்க்குள்ளேயே ஓடியது. ஐந்தாம் நாள் பகலெல்லாம் நிற்காமல் பெய்தது. மறுநாள் கட்டு மாற்றும் நாள். காலையில் எழுந்ததும் நான் ஓடைக்குப் போனேன். கொழுந்தனார் எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தார். குழாய் இரண்டும் வாய் நிறையக் கக்கிக்கொண்டிருந்தது. மேலேயும் தண்ணீர் ஏறி ஓடியது. சாண் அளவு. அக்கரை ஓரத்தில் கல் கொஞ்சம் சரிந்திருந்தது. நடு அசையவில்லை.

"போலாமா?" என்றேன்.

அவர் இறங்கி நடந்து போனார். நடுவில் நின்று இரண்டு காலையும் மாற்றி மாற்றி அழுத்தினார். அக்கரைக்குப் போய், சரிந்த கல்லைத் தூக்கி வைத்து அடித்துவிட்டுத் திரும்பி வந்தார். "கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல வருது. நான் தூக்கிக்கறேன். நீங்க பின்னால புடிச்சுக்குங்க" என்றார்.

பிளாஸ்டிக் அரிசிப் பையை வெட்டிக் காலைச் சுற்றிக் கட்டினேன். முழங்கால் வரை. கொழுந்தனார் முதுகில் அவரை ஏற்றினோம். நான் பின்னால் அந்தக் காலைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தண்ணீர் சில்லென்று இழுத்தது. கால் வைத்த இடம் கெட்டியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை. மழைக்கு யாரும் வரவில்லை. நர்ஸ் எங்கள் நனைந்த துணியைப் பார்த்தாள். அரிசிப் பையை அவிழ்த்தாள். கட்டை அவிழ்த்தாள். பழைய துணியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"தண்ணி படலையே" என்றாள்.

"இல்லீங்க."

"உங்க ஊருக்கு ஓடை இருக்குதுன்னு யாரோ சொன்னாங்களே. தண்ணி வரலீங்களா?"

"வந்துருச்சுங்க."

அவள் புண்ணைத் துடைத்தாள். ஓரத்தில் புதுத் தோல் வருவதைக் காட்டினாள். வெளுப்பாக, நூல் அளவு. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். புதுக் கட்டுப் போட்டு முடித்து, சீட்டில் தேதி எழுதினாள். மூன்று நாள் கழித்து வாருங்கள், மழை என்று நின்றுவிடாதீர்கள் என்றாள்.

"வாரோமுங்க" என்றேன்.